அடிக்குறிப்பு

நள்ளிரவு தாண்டியதும்
கண்ணாடிக் கூண்டுகளில் விளக்கு அணைந்தது.
மொழிபெயர்ப்பாளர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு
கடைசி டிராமைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.
என் காதுக்கருவியில் வெறும் இரைச்சல்.
இனி எல்லாம் ஆங்கிலம்தான் என்றார் ஹால்வார்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
என் ஆங்கிலத்துக்கு வயது நான்கு.
அதைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டுதான்
பதினான்காம் பத்திக்குள் நுழைந்தேன்.

பான் நகரம், ஜூன் மாதம், பதினோராம் நாள்.
ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவில்
இருவருக்கு விசா வரவில்லை.
ஒருவர் நிதி அறையில், ஒருவர் காய்ச்சலில்.
மிச்சம் நான்.

சதுப்பில் கம்பி இறக்குவதுதான் என் வேலை.
இக்கெலெம்பா ஆற்றோரக் காட்டில்
இடுப்பளவு கறுப்பு நீரில் நின்று
ஒரு கம்பியோடு இன்னொன்றைத் திருகித்
தள்ளிக்கொண்டே போவோம்.
மட்காமல் கிடக்கும் இலை, அதன்கீழ் இலை,
ஆனைகளுக்கு முந்தின ஆனைகள் மிதித்த இலை.
போன முறை
பதினேழு அடியில்தான் களிமண் தட்டியது.
என் தம்பி பொக்கேலே
கம்பி நுனியில் வந்த சேற்றை முகர்ந்துவிட்டு
நேற்றுப் பெய்த மழை மாதிரி இருக்கிறது என்றான்.

இங்கே அந்தச் சேறு ஒரு சொல்.
சொல்லைச் சுற்றிச் சதுர அடைப்பு.
அடைப்புக்குள் இருக்கும்வரை
அது இருக்கிறது; இல்லவும் இல்லை.
நாடுகள் காடுகளைக் காக்க [வேண்டும்] [வேண்டியிருக்கலாம்]
[தத்தம் சூழலுக்கேற்ப] [        ]
அந்தக் காலி அடைப்பு யார் போட்டது என்று
ஒருவருக்கும் நினைவில்லை.
நீக்கவும் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

எதிர் வரிசையில் இருந்தவர் நல்லவர்.
என் இருமலுக்குத் தேன்மிட்டாய் தந்தவர்.
தனிப்பட்ட முறையில் உங்களோடு உடன்படுகிறேன் என்று
காதோரம் வந்து சொன்னார்.
பிறகு தன் நாட்டுப் பலகையை
நெட்டுக்குத்தாய் நிறுத்தி
என் சொல்லை அடைத்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.
உதவாதுதான். ஆனால்
ஏட்டில் இல்லாத சுரைக்காயை
யார் வேண்டுமானாலும் பறித்துப் போகலாமே.

மூன்று மணிக்குக் காப்பி இயந்திரம் காலி.
மூன்றரைக்கு நடைபாதைக்குப் போனோம்.
முடிவுகள் அங்கேதான் பிறக்கின்றன,
கழிப்பறைக்கும் அவசர வாசலுக்கும் நடுவே,
ஒருவர் முதுகில் இன்னொருவர்
காகிதம் வைத்து எழுத.
"வேண்டும்" போகட்டும் என்றேன்.
காலக்கெடு போகட்டும் என்றேன்.
பணம் எங்கள் கையில் இல்லை, அது வேறு அறை.
சதுப்பு மட்டும் இருக்கட்டும்.

பத்தியில் இடமில்லையாம்.
அடிக்குறிப்பில் வைக்கலாமாம்.
தலையாட்டினேன்.
விற்றேனா வாங்கினேனா,
இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

கைதட்டினார்கள்.
ஹால்வார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
தூக்கமாகவும் இருக்கலாம்.

வெளியே விடிந்திருந்தது.
ரைன் நதியில் நிலக்கரி ஏற்றிய படகு ஒன்று
யாரையும் எழுப்பிவிடாத பதவிசோடு போயிற்று.
எங்கள் மொழியில் தம்பிக்குக் குரல்செய்தி அனுப்பினேன்.
காகிதத்தின் அடியில் நம்மை எழுதிவிட்டார்கள் என்றேன்.
படகுத்துறைக் கம்பத்தில் ஏறினால்தான்
அவனுக்குச் சிக்னல் கிடைக்கும்.
பதில் வர இரண்டு நாள்.

ஆறு வற்றுகிறது என்றான்.
புழுக்கள் ஒரு மாதம் முந்தியே மரத்தைவிட்டு இறங்கிவிட்டன,
சந்தையில் கொள்ளை மலிவு,
உனக்கென்று ஒரு கூடை உலர்த்தியிருக்கிறோம் என்றான்.
எதிர்க்கரையில் சேற்றுக்குள்ளிருந்து புகை வருகிறது.
நெருப்பைக் காணோம், புகை மட்டும்.
அப்புறம், பின்னால் மோட்டார் உறும,
உரக்கக் கேட்டான்:
அடியில் என்றாயே,
எத்தனை அடி?

அளவுகோல் எப்போதும் என் பையில் உண்டு.
காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தேன்.
எழுத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டர்.
எங்கள் சதுப்பு அவ்வளவு வளர
பத்து வருடமாவது பிடிக்கும்.

இன்னும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.